மோட்டார்ஹோமில் சூடு வரவில்லையா? ஹீட்டரைக் கழற்றும் முன் காற்றுக் குழாயைப் பாருங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை என்றால் குளிர்காலம். அந்தப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் டர்பனிலிருந்து மோட்டார்ஹோம்கள், அதாவது உள்ளேயே சமைத்துப் படுக்கும் வண்டிகள், மலைப் பக்கம் ஏறத் தொடங்கிவிடும். அண்டர்பெர்க், ஹிமெவில் என்று சிலர் போவார்கள். சிலர் வான் ரீனன் கணவாயைத் தாண்டி கிளாரன்ஸ், கோல்டன் கேட் வரை போவார்கள். கடற்கரையில் ஸ்வெட்டரைத் தேடாத நாம், அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் குளிரில் போய்ப் படுக்கிறோம். முதல் ராத்திரியே எனக்கு போன் வரும்: "அண்ணா, ஹீட்டர் போயிடுச்சு போல இருக்கு. சத்தம் மட்டும் வருது, சூடு வரல."

சத்தம் வருகிறது என்றால் ஹீட்டர் பெரும்பாலும் போயிருக்காது. அது தயாரிக்கும் சூடு வழியில் எங்கோ தொலைகிறது. ஹீட்டரிலிருந்து வென்ட் (அறைக்குள் சூடு வரும் வாய்) வரை ஓடும் அந்த வளையும் அலுமினியக் குழாய், அதாவது டக்ட், இருக்கைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. நசுங்கினாலும் கிழிந்தாலும் கழன்றாலும் நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து ஹீட்டரை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகும் பின் படுக்கை குளிராகவே இருந்தது.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு பெரியவர். நாற்பது வருடம் ஏசி வேலை பார்த்தவர், தாத்தா காலத்துத் தமிழை இன்னும் விடாமல் பேசுகிறவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, ஓட்டையை அப்புறம் அடைக்கலாம். ஓட்டை போட்டது யாருன்னு முதல்ல பாரு." ஒரு திருகாணியின் முனையோ, தகட்டின் விளிம்போ, எலியோ, நாமே திணித்த மூட்டையோ, கிழித்தது ஏதோ ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டு மேலே டேப் ஒட்டினால் அடுத்த பயணத்தில் அதே இடம் மறுபடி கிழியும். கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கை வைக்கும் முன்: எந்தக் குழாய் எது

டீசல் ஹீட்டரில் இரண்டு காற்றோட்டங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. முதலாவது எரிவதற்கான காற்று. அது வண்டிக்கு அடியிலிருந்து சின்னக் குழாய் வழியாக உள்ளே போய், எரிந்து, 22 அல்லது 24 மி.மீ. அளவுள்ள எஃகுக் குழாய் வழியாகப் புகையாக வெளியேறும். இரண்டாவது நாம் சுவாசிக்கும் அறைக் காற்று. ஃபேன் அதை இழுத்து, சூடான உலோகத்தின் மேல் ஓடவிட்டு, பெரிய குழாயில் தள்ளுகிறது. நாம் பழுது பார்க்கப்போவது இந்த இரண்டாவது குழாயை மட்டும்தான்.

அளவும் தெரிந்திருக்க வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர்களில் பெரும்பாலும் 60 மி.மீ., 4 அல்லது 5 கிலோவாட் என்றால் 75 அல்லது 90 மி.மீ. ட்ரூமா காம்பி (அறையையும் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் ஹீட்டர்) இருக்கும் வண்டிகளில் 65 அல்லது 72 மி.மீ. பழைய குழாயை அளக்காதீர்கள், அது நசுங்கி நீண்டிருக்கும். ஹீட்டர் வாயின் வெளி விட்டத்தை அளந்து, அதே அளவு வாங்குங்கள். "கொஞ்சம் சின்னதா இருந்தா என்ன, மாட்டிக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம். 75 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 60 போட்டால் காற்று போகும் பரப்பு 64 சதவீதமாகக் குறைகிறது. அதே அளவு காற்றைத் தள்ள ஃபேனுக்குச் சுமார் மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். அந்தச் சின்ன ஃபேனால் அது முடியாது.

டீசல் வாடை, புகை வாடை, காரணமில்லாத தலைவலி

இது வந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். எல்லாரையும் வெளியே இறக்குங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஹீட்டரை அதன் கண்ட்ரோலரிலேயே அணைத்து, ஃபேன் ஓடிக் குளிர்ந்து தானாக நிற்கும் வரை விடுங்கள். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பேட்டரி சுவிட்சைப் பட்டென்று தட்டினால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற முடியாமல் ஹீட்டரையே கெடுத்துவிடும்.

இந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் எஃகுப் புகைக் குழாயில் விரிசல், அதன் கிளிப் தளர்ந்தது, அல்லது ஹீட்டரின் அடியில் இருக்கும் கேஸ்கெட் போனது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நமக்கு வரும் டீசல் வாடை அதனுடன் சேர்ந்து வரும் மற்றவற்றின் வாடைதான். ரத்தத்தில் ஆக்சிஜனை ஏந்தும் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வந்தது கூடத் தெரியாது.

புகைக் குழாயில் எந்த டேப்பும் ஒட்டாதீர்கள், புட்டி தடவாதீர்கள், துண்டு போட்டு இணைக்காதீர்கள். முழுக் குழாயையும் புதிதாக மாற்ற வேண்டும். கேஸில் ஓடும் ஹீட்டர் என்றால் பதிவு பெற்ற கேஸ் வேலைக்காரர்தான் கை வைக்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இல்லாமல் யாரும் ராத்திரி ஹீட்டர் போட்டுத் தூங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஒரு வென்ட் மட்டும் சோர்ந்திருக்கிறது, மற்றவை நன்றாக வருகின்றன

நான் அதிகம் பார்ப்பது இதுதான். மற்ற வென்ட்டுகள் நன்றாக ஊதுவதால் ஹீட்டரில் குறை இல்லை. இந்த ஒரு கிளையில்தான் கோளாறு.

முதலில் அந்த வென்ட்டின் மூடியைக் கழற்றுங்கள். சிலவற்றில் உள்ளே ஒரு தட்டு இருக்கும், அது மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் உள்ளே போட்ட மிட்டாய்க் காகிதம், ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்றால் குழாய் போகும் வழியைப் பிடியுங்கள். இருக்கைப் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஹீட்டரிலிருந்து வென்ட் வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில்தான் கிழிசல் இருக்கும். விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். கம்பி முனை குத்தும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கோல்டன் கேட் பக்கம் போன வருடம் என் மகளின் படுக்கைக்கு வரும் வென்ட் திடீரென்று நின்றுவிட்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தால், பத்து கிலோ பாஸ்மதி மூட்டை குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. சப்பாத்தி மாதிரி தட்டையாகியிருந்தது குழாய். மூட்டையை எடுத்தால் மட்டும் போதாது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வளைந்துவிட்டதால் குழாய் தானாக எழும்பவில்லை. மெதுவாக அமுக்கி வட்டமாக்கினேன், மடிப்பு விழுந்த இடத்தில் அலுமினியத் தாள் பிளந்தது. வெட்டி இணைக்க வேண்டியதாயிற்று. அரிசி இப்போது வேறு பெட்டியில் போகிறது. குழாயின் மேல் இரண்டு மரத்துண்டுகளை வைத்து ஒரு பலகை அடித்துவிட்டேன்.

கையால் தடவியும் கிடைக்காத கசிவுக்கு மாமாவின் வழி: ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துக் குழாயை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழும்பும் வரை சரி. கசிவு இருக்கும் இடத்தில் புகை சட்டென்று ஒரு பக்கம் சாயும், சிதறும். அங்கே சுண்ணாம்புத் துண்டால் குறி போடுங்கள். டீசல் வாடையோ கேஸ் வாடையோ இருக்கும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சரி, கிழிசல் கிடைத்துவிட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன ஓட்டை, சுற்றியுள்ள தாள் உறுதியாக இருக்கிறது என்றால் ஒட்டலாம். அதற்கு மேல் போனால் வெட்டி இணைப்பதுதான் நிற்கும்.

ஒட்டுவதற்கு அலுமினியத் தாள் டேப் மட்டும். சாம்பல் நிறத் துணி டேப்பை எல்லாரும் டக்ட் டேப் என்கிறார்கள், ஆனால் டக்ட்டுக்கு அது உதவாது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பலவகை டேப்புகளையும் அடைப்புப் பொருட்களையும் சூடான, குளிர்ந்த காற்றில் வைத்துச் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். மோசமாகத் தோற்றது இந்தத் துணி டேப்தான். சூட்டில் அதன் பசை காய்ந்து டேப் சுருங்கிவிடும். உங்கள் வண்டியில் பழைய ஆள் ஒட்டிய துணி டேப் இருந்தால் பிரித்துப் பாருங்கள், கருவாடு மாதிரி உரிந்து வரும்.

ஒட்டும் இடத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தூசி இருந்தால் எந்த டேப்பும் பிடிக்காது. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் வருகிற மாதிரி டேப்பை வெட்டி, நடுவிலிருந்து வெளியே தேய்த்து ஒட்டுங்கள். அப்புறம் ஒரு ஸ்பூனின் பின்பக்கத்தால், குழாயின் ஒவ்வொரு வரிப் பள்ளத்துக்குள்ளும் டேப் இறங்கும் வரை தேயுங்கள். பள்ளத்தின் மேல் பாலம் போட்ட மாதிரி டேப் நின்றால் அதன் அடியில் காற்று ஓடும். இந்த ஐந்து நிமிடத் தேய்ப்பில்தான் வேலையே இருக்கிறது.

வெட்டி இணைப்பதென்றால், கிழிந்த பகுதியின் இரு பக்கமும் நல்ல தாள் வரும் வரை கூர்மையான கத்தியால் வெட்டி, உள் கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்குங்கள். கம்பி முனையை வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் உள்ளே தூசியும் நூலும் மாட்டாது. நடுவில் குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் ஒரு கடினமான இணைப்பு வளையம் வேண்டும். இரு பக்கமும் குறைந்தது நான்கு செ.மீ. உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்டீல் ஹோஸ் கிளிப், அதன் மேல் அலுமினிய டேப். கிளிப்பை மிதமாக இறுக்குங்கள், அதிகம் திருகினால் தாள் அறுந்துவிடும். நைலான் கட்டு தூரத்து முனைகளுக்குப் பரவாயில்லை. ஹீட்டர் வாயை ஒட்டிய முதல் மீட்டரில் காற்று 100 டிகிரியை நெருங்கலாம், அங்கே நைலானும் வேண்டாம், பிளாஸ்டிக் வளையமும் வேண்டாம்.

மலையில் மாட்டிக்கொண்டு கடை எதுவும் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. நம் வீடுகளில் மீன் குழம்புக்கு வாங்கும் 400 கிராம் பில்ச்சர்ட் டப்பா சுமார் 73 மி.மீ. விட்டம் இருக்கும். இரு மூடியையும் வெட்டி, கழுவி, விளிம்பைப் பிளேயரால் உள்பக்கம் மடக்கினால் 75 மி.மீ. குழாய்க்குள் நன்றாக உட்காரும். ஹீட்டரிலிருந்து தள்ளியுள்ள இடத்தில் மட்டும், வீடு வந்து சேரும் வரைக்கும் மட்டும். டப்பாவின் உள்பூச்சு அதிகச் சூட்டில் வாடை அடிக்கும்.

பொருத்தும்போது குழாய் தொய்யாமல், கூர்மையாக மடங்காமல் ஓட வேண்டும். சுருக்கி வைத்த குழாய் உள்ளே மடிப்பு மடிப்பாக நின்று காற்றைத் தடுக்கும். தேவையான நீளத்துக்கு நீட்டி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். "பின்னால் உதவும்" என்று மிச்சத்தைச் சுருட்டி அலமாரிக்குள் விட்டிருப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கிறேன். அதுவே கோளாறு.

அலமாரி சூடு, அறை குளிர்

பாத்திர அலமாரியைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறதா? குழாய் ஜாயின்ட்டிலிருந்து கழன்றுவிட்டது. கழன்ற இடம் அந்த அலமாரிதான், தேடவே வேண்டாம். மண் சாலையில் வரி வரியாக அதிரும் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் தளர்ந்த கிளிப் நடந்துகொண்டே வந்துவிடும். குழாயைத் தாங்க ஒரு பிடிப்பும் இல்லாமல் அதன் எடை முழுவதையும் ஜாயின்ட்டில் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் மூல காரணம். மறுபடி மாட்டிவிட்டு, அரை மீட்டருக்கு ஒன்றாக அகலமான பட்டையால் சுவரோடு கட்டுங்கள். பட்டை மெல்லியதாக இருந்தால் அதுவே குழாயை இறுக்கி இடுப்பாக்கிவிடும். சீக்கிரம் சரிசெய்யுங்கள், அலமாரியில் எண்ணெய் பாட்டிலோ கொசு மருந்து ஸ்பிரேயோ இருந்தால் அந்தச் சூட்டில் ஆபத்து.

எல்லா வென்ட்டும் பலவீனம், அல்லது ஹீட்டர் சூடாகித் தானே நின்றுவிடுகிறது

எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் கெடாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் பாருங்கள். முதலில் காற்று உள்ளே போகும் வாய். ஹீட்டர் இருக்கும் பெட்டிக்குள் போர்வை, செருப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் திணித்திருப்போம், ஃபேன் மூச்சுத் திணறும். பெட்டியைக் காலிசெய்து ஓட்டிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, முதல் வளைவும் கவட்டை மாதிரி பிரியும் ஜாயின்ட்டும். ஹீட்டரை விட்டதும் குழாயைத் திடீரென்று மடக்கியிருந்தால் சூடு வெளியேற முடியாமல் ஹீட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். எல்லா வென்ட்டையும் மூடி ஒன்றை மட்டும் திறந்து வைத்தாலும் இதே விளைவுதான்.

காற்று பலமாக வருகிறது, சூடு மட்டும் குறைவு என்றால் குழாயை விட்டுவிடுங்கள். அது எரிப்புப் பிரச்சினை. ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. டர்பனுக்குச் சரியாக எரிந்த டீசல் அங்கே முழுதாக எரியாமல் கரி பிடிக்கும். உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி உங்கள் ஹீட்டரில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

விசில் சத்தம், படபடப்பு

விசில் என்றால் சின்னக் கிழிசலோ வாய் பொருந்தாத ஜாயின்ட்டோ. படபடவென்று அடித்தால் உள்பக்கத் தாள் பிரிந்து காற்றில் ஆடுகிறது, அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். வண்டி ஓடும்போது மட்டும் உரசும் சத்தம் என்றால், குழாய் ஏதோ ஒரு விளிம்பில் தேய்கிறது. இன்னும் கிழியவில்லை. பலகையில் குழாய் நுழையும் துளையின் விளிம்பில் பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டினால் போதும்.

ஏசி குழாயில் தண்ணீர், பூஞ்சை வாடை

இது டர்பன்காரர்களின் நோவு. இருக்கைக்கு அடியில் வைக்கும் வகை ஏசி உள்ள வண்டிகளில் குளிர்ந்த காற்று இதே மாதிரி குழாயில்தான் ஓடுகிறது. பிப்ரவரியில் வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குறைவான எதைத் தொட்டாலும் வியர்க்கும். ஏசி குழாயோ அதைவிடப் பத்து டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே தண்ணீர் சொட்டினால் குழாய் ஓட்டை என்று நினைக்காதீர்கள். அதன் மேலுள்ள உறை கிழிந்திருக்கிறது அல்லது உறையே போடவில்லை.

ஏசி செப்புக் குழாய்களுக்கு மாட்டும் கறுப்பு ரப்பர் நுரைத் தாளைச் சுற்றி, இணையும் கோட்டை அதற்கான பசையால் முழுவதும் அடையுங்கள். ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ஈரக் காற்று உள்ளே புகுந்து உறைக்கு அடியிலேயே வியர்க்கும், அது இன்னும் மோசம். பஞ்சு உறை நனைந்திருந்தால் காயவைத்து மறுபடி போடுவதில் பயனில்லை. குழாயின் உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள். வரி வரியான உள்பக்கத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் தாமதிக்கவும் கூடாது. ஏசியை அணைக்கும் முன் பத்து நிமிடம் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும்.

எலி

வண்டி ஆறு மாதம் வீட்டு முற்றத்தில் நிற்கும். சூடான, இருட்டான, கதகதப்பான குழாய். எலிக்கு வேறென்ன வேண்டும். பஞ்சு, காகிதத் துணுக்கு, கறுப்பு மிளகு அளவில் புழுக்கை, மூத்திர வாடை. இதில் ஒன்று தெரிந்தாலும் ஹீட்டரைப் போடாதீர்கள், எல்லாம் முகத்துக்கு வரும்.

மாஸ்க், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த புழுக்கையைப் பெருக்க வேண்டாம், தூசியாகப் பறக்கும். ஒரு பங்கு ஜிக் (வீட்டு ப்ளீச்), ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பேப்பர் துண்டால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் வழியாகவே வருகிறது, கையில் கீறல் இருந்தால் இன்னும் கவனம். எலி குடியிருந்த குழாயைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அது நுழைந்த வழி வண்டியின் அடித்தட்டில், ஒயர் போகும் துளையில் இருக்கும். எஃகு நாரைத் திணித்து மேலே சீலன்ட் பூசுங்கள். ஒயர்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், குழாயைக் கடித்த பல் அதையும் விட்டிருக்காது.

வேலை முடிந்ததும் ஹீட்டரை அரை மணி நேரம் முழுவேகத்தில் ஓடவிட்டு, சமையலறை தெர்மாமீட்டரை ஒவ்வொரு வென்ட்டிலும் இரண்டு நிமிடம் வைத்து, கிடைத்த எண்ணை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நீளமான கிளையின் வென்ட்டில் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும், அது இயல்பு. அடுத்த மண் சாலைப் பயணம் முடிந்து வந்ததும் மறுபடி வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு வென்ட் மட்டும் பழைய எண்ணிலிருந்து பத்து டிகிரி இறங்கியிருந்தால், அந்தக் கிளையின் பலகையைத் தூக்குங்கள்.